இரு கரை மான்களும் ஓர் எக்செல் ஷீட்டும்

ஒரு காட்டில் நெட்வொர்க் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது சிங்கத்தின் குகை. அதனால் காட்டின் அலுவலகமும் அங்கேயே நடந்தது. உள்ளே போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்களா என்று கேட்காதீர்கள், கதை நகராது.

சிங்கத்துக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. ஆற்றுக்குக் கிழக்கே மேயும் மான் ருசியா, மேற்கே மேயும் மான் ருசியா? இது அறிவியல் மனப்பான்மை உள்ள சிங்கம். தின்ற ஒவ்வொரு மானுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வைத்திருந்தது.

"இந்த மார்க்கை எக்செல்ல போட்டு சோதிச்சா தெரிஞ்சிரும் மகராஜா. ஆனா எனக்கு எக்செல் வராது," என்றது மந்திரி நரி.

"யாருக்கு எக்செல் தெரியும்?" என்று சிங்கம் கர்ஜித்தது.

காடே தலையைக் குனிந்துகொண்டது. மேற்குக்கரை மான் தையல்நாயகி மட்டும் முன்னங்காலைத் தூக்கினாள். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் பின்பக்கம் புல் மேய்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டவள் அவள். ஆபீஸ் வேலை பார்க்கிறவளையும் அவள் சொந்தபந்தத்தையும் தின்ன மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. புதருக்குள் பிள்ளைத்தாச்சித் தங்கை வேறு இருந்தாள்.

குகையிலிருந்த கம்ப்யூட்டரைக் குளம்பால் தட்டினால் மூன்று எழுத்து சேர்ந்து விழுந்தது. எனவே மூக்கால் தட்டினாள். கிழக்கு மார்க் ஒரு வரிசை, மேற்கு மார்க் ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நிஜமாகவே வித்தியாசம் உண்டா என்று பார்ப்பது டி-டெஸ்ட். அதில் எந்த வகை வேண்டும் என்று எக்செல் கேட்டது. பட்டியலில் முதலாவதாக 'இணைச் சோதனை' இருந்தது. முதலில் இருப்பதைத்தானே நாமெல்லாம் அழுத்துவோம்? அவளும் அழுத்தினாள். பிழை என்று வந்தது.

"என்னவாம்?" என்றது சிங்கம்.

"மேற்கு வரிசையில ஒண்ணு குறையுதுங்க மகராஜா. ரெண்டும் சமமா இருக்கணுமாம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அவ்வளவுதானே!" சிங்கம் எழுந்து வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தது. "ஆறு மார்க் போட்டுக்கோ. கொஞ்சம் முத்தல்."

முத்தல் என்றால் பெரியப்பாதான். மேற்குக்கரையில் அந்த வயசுக்கு வேறு ஆள் கிடையாது.

கண்ணீரோடு திரையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயமே புரிந்தது. இணைச் சோதனை ஒரே ஆளை இரண்டு தடவை அளப்பதற்கு, அல்லது ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதற்கு. ஒரே மானை இரண்டு தடவை தின்ன முடிந்தால் செல்லும். அதற்குக் கீழேயே இன்னொரு சோதனை இருந்தது, அதில் எண்ணிக்கை சமமாக இருக்கவே வேண்டாம். ஐயோ பெரியப்பா!

அதை அழுத்தினாள். 0.38 என்று வந்தது. 0.05-க்குக் கீழே இறங்கினால்தான் வித்தியாசம் என்று பேர்.

"வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாதுங்க மகராஜா."

"அப்போ இல்லைன்னு சொல்லு."

"அப்படியும் சொல்ல முடியாதுங்க."

"நான் ராஜாவா இல்ல ரோட்டுல போறவனா?" என்று சிங்கம் எகிறியது.

நரி கைகட்டிக்கொண்டு குனிந்தது. "மாதிரிக்கு எடுத்த மான் பத்தலைங்க மகராஜா. கரைக்கு இன்னும் இருபது சேர்த்தா துல்லியமா வந்துரும்."

சிங்கத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தையல்நாயகி தன் கரையில் மிச்சம் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தாள். இருபதில் தங்கை வந்துவிடுவாளே! சிங்கம் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து, கிழக்கு மார்க் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு கூட்டிவிட்டாள். கிழக்கத்திக்காரர்கள் பாவம்தான். ஆனால் ஒட்டா, உறவா? தண்ணீர் குடிக்க வந்தால் கொஞ்சம் நகர்ந்துகூட நிற்காத கூட்டம்.

"இப்போ வந்துருச்சு மகராஜா! 0.003. கிழக்குதான் ருசி. சந்தேகமே இல்லை."

சிங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அறிவியல்னா இதுதான்யா! நரி, எழுதிக்கோ. கிழக்குக்கரைப் பக்கம் இனி யாரும் போகக் கூடாது. நல்ல சரக்கை தினம் தின்னு தீர்க்க நான் என்ன ஊதாரியா? விருந்தாளி வந்தா எடுத்துக்கலாம். அன்னாடத்துக்கு மேற்கே போதும்."

தையல்நாயகி அவசரமாகக் குறுக்கிட்டாள். "மகராஜா, கணக்குல எங்கேயோ தப்பு..."

"நீ போட்ட கணக்கு எப்படி தாயி தப்பாகும்?" என்று சிங்கம் பாசத்தோடு சொன்னது. "காலையில சீக்கிரம் வந்துரு. உன் தங்கச்சியையும் கூட்டிட்டு வா. அக்கா ருசியா, தங்கச்சி ருசியான்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

இவ்வளவு நேரமும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நரி தொண்டையைச் செருமியது. "ஜோடி ஜோடியா வர்றதால, அதுக்கு இணைச் சோதனையே செல்லும் மகராஜா. இனி எக்செல் நானே பார்த்துக்கிறேன்."

நீதி: எக்செல் தெரியுமா என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லவும். கேட்பது சிங்கமாக இருந்தால், எக்செல் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்கவும்.