விவாகரத்து இல்லை, மாத்திரைதான்

ஈசூன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனர் ஞானசேகரனுக்கு, அத்தான் துரைசாமி ஆசிகளுடன் எழுதுவது.

நீங்கள் நல்ல உடல்நலத்தோடு இருப்பது நேற்று தொலைபேசியில் கேட்ட உங்கள் குரலிலிருந்தே தெரிந்தது. பாசிர் ரிஸ் வீட்டில் மற்றவர்களும் அவ்வாறே இருப்பார்கள் என்று நம்புகிறேன். "இந்த வயசுல எங்க அக்காவைத் தள்ளி வைக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு எடுக்கவும் இல்லை. ஆகவே எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் அக்கா சந்திரமதியை நான் தள்ளி வைக்கவில்லை. விவாகரத்து எதுவும் கிடையாது. எனக்குப் புற்றுநோய். வேறொன்றுமில்லை.

ரத்தத்தில் என்றார் மருத்துவர். ஊசி வேண்டாம், வீட்டிலேயே மாத்திரை சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். மருந்தகத்தில் நஸீஹா என்ற மருந்தாளர், தமிழ் பேசும் பெண், எங்களை உட்காரவைத்து விளக்கினார். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும், எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட வேண்டும், கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, கழிவறைக் கோப்பையை மூடிவைத்து இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், அசுத்தமான துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இல்லாமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். நான் தலையாட்டினேன். உங்கள் அக்கா தலையாட்டவில்லை, மனப்பாடம் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு விதியையும் குட்டி போட வைத்தாள். அசுத்தமான துணி என்றது என் எல்லாத் துணியும் என்றாயிற்று. மாத்திரையைத் தொடக்கூடாது என்றது, மாசமாக இருக்கும் கவிப்ரியா அப்பன் வீட்டுப் படியே ஏறக்கூடாது என்றாயிற்று. மகள் வந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது மருந்தகத்தில் சொல்லாத விதி. அது முழுக்க உங்கள் அக்காவுடையது.

அடுத்த வீட்டு ஆமினா பீவி நல்ல மனுஷி. ஆனால் அவருக்குக் கண் இருக்கிறது. எங்கள் வாசலைக் கடந்து போகும்போது, உங்கள் அக்கா கையுறை மாட்டிக்கொண்டு எதையோ சின்னக் கிண்ணத்தில் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறார். சன்னல் வழியாகப் பார்த்தால் காயப்போட்ட சேலைகள் ஒரு கழியில், என் சட்டைகள் வேறொரு கழியில். கீழே போனால் பெற்ற மகளே தள்ளி உட்கார்ந்து அப்பனிடம் சத்தம் போட்டுப் பேசுகிறாள். நீதிபதிக்கே இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஒருநாள் பிரியாணி எடுத்துக்கொண்டு வந்தார். ஆம்பளைங்க அப்படித்தான், பொறுத்துப் போம்மா என்று உங்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவளும், பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்று சொல்லிவிட்டாள். பொய்யும் இல்லை. ஆமினா பீவி எனக்கென்று தனியாக வைத்திருந்த பிரியாணியில் இறைச்சி இல்லை.

செய்தி என் நண்பர் சின்னராசுவின் காதுக்குப் போனது. அவர் என்னை ஜாலான் புசாரில் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய், நான் ஒரு வார்த்தையும் பேசாதபோதும் பேசாதே என்று சொல்லிச் சொல்லி அறிவுரை வழங்கினார். அன்று காலை மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் எனக்கு வாந்தி. சந்திரமதி பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லாமல், இன்னொன்று போடலாமா என்று மருந்தகத்துக்குப் போன் செய்து கேட்டு வைத்திருந்தேன். அதற்குப் பதில் சொல்ல அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. போனில் 'நஸீஹா' என்று பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது. சின்னராசுவும் படித்தார். நான் எழுந்து ஓரமாகப் போய், "வீட்டுல தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க," என்றேன். அவர் காதில் அது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. மறுபடி போட வேண்டாம், அடுத்த வேளைக்கு வழக்கம்போல் போடுங்கள், திரும்பவும் வாந்தி வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னது விழவில்லை.

மகள் விஷயத்தையும் அப்போதே கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாத்திரையையும் அசுத்தமான துணியையும் கழிவையும் தொடாமல் இருந்தால் போதும், பக்கத்தில் உட்காரலாம், தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம் என்றார். அன்று சாயங்காலம் கல்மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அதைச் சொன்னேன். கவிப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். "அப்பா, ரொம்ப மெலிஞ்சிட்டீங்க லா," என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வயிற்றில் இருப்பது என் விலாவில் ஓர் உதை விட்டது. நான் பேருந்து ஓட்டிய காலத்தில் எத்தனையோ பேர் இடித்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் அழுததில்லை. உங்கள் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளும் வந்து உட்கார்ந்தாள். மூவரும் அழுதோம். கடைக்குப் போய்த் திரும்பிய ஆமினா பீவி அதைப் பார்த்துவிட்டு வேறு லிஃப்ட் வழியாகப் போனார். மகளே காலில் விழுந்து கெஞ்சியும் நான் மனம் மாறவில்லை என்று புளோக் முழுதும் பேச்சு. அதையும் நஸீஹாவையும் சேர்த்துத்தான் சின்னராசு உங்களுக்குப் போன் செய்திருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். மருந்து கேட்கிறதா என்பது பரிசோதனையில் தெரியும். மருத்துவர் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார். ஆகவே மாப்பிள்ளை, சின்னராசு முதல் சொந்தபந்தங்கள் வரை எல்லோரிடமும் உண்மையைச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கவும். தங்கச்சி பாக்கியலட்சுமிக்கும் பிள்ளைகளுக்கும், என் பெயரைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்கும் மற்றவர்களுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவோடு ஒரே வீட்டில் வாழும்
துரைசாமி

பின்குறிப்பு: எழுதி முடித்ததை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள், "நோயாளி வீடுன்னா எல்லாரும் மெதுவா பேசுவாங்க. உங்களைப் பார்க்காம என்னைப் பார்ப்பாங்க. சண்டை போடுற வீடுன்னா உள்ள வந்து உரிமையா உங்களைத் திட்டுவாங்க. திட்டட்டும். எனக்கு அதுதான் நல்லா இருக்கு," என்றாள். எனக்கும் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. ஆகவே மேலே உள்ள எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். கேட்பவர்களிடம் விவாகரத்து என்றே சொல்லவும். அழத் தோன்றினால் அங்கேயே அழுது முடித்துவிட்டு வாருங்கள். இங்கே வந்து, ஆமினா பீவிக்குக் கேட்கும்படி என்னைத் திட்டவும்.