பூட்டாத கதவு

"பூட்டியிருக்கணும் கடவுளே, பூட்டியிருக்கணும்."

பல் டாக்டர் இருக்கும் தெருவுக்குள் திரும்பும்வரை சிட்டு வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கடவுளுக்கு இது ஒரு வேலையா? கிளினிக் கதவில் ஒரு பூட்டு தொங்க வேண்டும், அவ்வளவுதான். பதிலுக்கு இனிமேல் தம்பியைக் கிள்ள மாட்டேன் என்று சத்தியம்கூடச் செய்து கொடுத்திருந்தாள்.

கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. காத்திருக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் தள்ளிப்போடவும் வழியில்லை.

சிட்டு அப்பாவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பயம் ஒரு பக்கம், கடவுள் இப்படிக் கைவிட்டுவிட்டாரே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். தம்பியைக் கிள்ளாமல் இருந்ததெல்லாம் வீண்.

டாக்டர் மீசை அரும்பிய இளைஞர். அவளைக் கண்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தன்மேல் அவருக்கு என்ன கோபமோ என்று அவள் அப்பாவின் பின்னால் ஒளிந்தாள்.

நாற்காலியில் ஏற்றினார்கள்.

"எங்கேம்மா வலிக்குது?"

"வலிக்கவே இல்லை."

"இல்லையா?" டாக்டர் முகம் மலர்ந்தது. "அப்போ கிளம்பலாமே! பால்பல்லுதானே சார், தானா விழுந்துடும்."

சிட்டு பாதி இறங்கிவிட்டாள். அப்பா தோளைப் பிடித்து அமுக்கினார்.

"ராத்திரி பூரா தெருவையே எழுப்பினவ சார் இவ. வலிக்கலைன்னா கொஞ்சம் ஐஸ் தண்ணி குடிக்கட்டும், பாப்போம்."

குடித்தாள். அவள் போட்ட அலறலில் நர்ஸ் அக்கா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர், சுரத்தே இல்லாமல்.

சிட்டுவுக்குச் சட்டென்று ஒரு யோசனை. நல்ல பல்லைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் அல்லவா? வலது பக்கம் கையைக் காட்டினாள்.

டாக்டர் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு! ஒண்ணுமே இல்லை சார்!" பரிசு விழுந்தவர் போலக் குதித்தார்.

"அப்போ ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க டாக்டர். எதுக்கு வம்பு?" என்றார் அப்பா.

"ஐயோ, இடது பக்கம்! கடைசிப் பல்லு மட்டும்தான்!"

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது புரிந்தது.

மரத்துப்போகிற ஊசி ஏறியது. அதைப் பார்த்ததுமே அப்பா, "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று வெளியே நழுவிவிட்டார். டாக்டர் நெற்றியில் வியர்வை வழிந்தது. "கை கழுவிட்டு வரேன்" என்று மறுபடியும் திரைக்குப் பின்னால் போனார். இவர்கள் வந்ததிலிருந்து கையைக் கழுவிக்கொண்டேதான் இருக்கிறார்.

திரைக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்புச் சத்தம். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் காணோம். பல் பிடுங்குகிற இடுக்கியைத் தீட்டுகிறாரோ? சிட்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடியும் வேண்ட ஆரம்பித்தாள்.

நர்ஸ் அக்கா குனிந்து பார்த்தாள். "என்ன பாப்பா, நீயும் முணுமுணுக்கிறே?"

"கிளினிக் பூட்டியிருக்கணும்னு காலைல வேண்டிக்கிட்டேன்க்கா." மரத்த உதட்டுக்குள்ளிருந்து வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன. "கடவுள் கேக்கவே இல்லை."

நர்ஸ் அக்கா திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"உன்னை விடு பாப்பா, இன்னிக்கு யாரும் பல்லு புடுங்க வந்துடக் கூடாதுன்னு டாக்டரும்தான் காலைலேர்ந்து வேண்டிக்கிட்டிருக்காரு, தனியா புடுங்கறது அவருக்கு இதான் முதல் தடவை."