நாளைக்குக் காக்காவும் காணாமல் போன மாலையும்

“பள்ளிக்கூடத்துல முன் வாங்குல இருந்த புள்ளைகளுக்கு மர்மக் கதை சரிவராது தங்கச்சி. விடை தெரிஞ்ச உடனே கையைத் தூக்கிருவீங்க.”

என்னிடம் இப்படிச் சொன்னவர், சாய்ந்தமருதில் எங்கள் தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் மீனைவிட மர்மத்தை அதிகம் விற்ற வியாபாரி அவர் ஒருவர்தான். எந்தக் கதையையும் “மிச்சம் நாளைக்கு” என்று நிறுத்துவதால் அவருக்கு நாளைக்குக் காக்கா என்று பெயர்; எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். வீட்டில் வைத்த பெயர் அவருடைய மனைவிக்கு நினைவிருக்கலாம்.

எல்லா வீட்டுக் கேட்டிலும் ஒரே பகுதியைத்தான் சொல்வார். ஆனால் கடைசி வீட்டில், மிஞ்சிய சாளை மீனை வாங்குகிறவருக்கு ஒரு வரி கூடுதல். அந்த ஒரு வரிக்காக முதல் வீட்டுப் பெண்கள் தெருக்கோடிவரை ஓடியதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவர் வரமாட்டார். ஆகவே எங்கள் தெருவில் கொலைகள் எல்லாம் வியாழக்கிழமைகளில்தான் நடந்தன.

உண்மைச் செய்தியையும் அவருக்கு நேராகச் சொல்ல வராது. ஒருநாள் பக்கத்து வீட்டு மாமியிடம், “உங்கட மகனை ஒலுவில் துறைமுகத்துல கண்டன். தண்ணிக்குள்ள...” என்று சொல்லிவிட்டுத் தராசைத் தேடத் தொடங்கினார். மாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“...நீந்திக்கிட்டு இருந்தான். ஒரு கிலோவா, அரைக் கிலோவா?”

மாமி எழுந்து செருப்பைக் கழற்றினார். எறிந்த செருப்பு குறிதவறி மீன் பெட்டிக்குள் விழுந்ததாகவும், காக்கா அதையும் சேர்த்து எடை போட்டுவிட்டதாகவும் தெருவில் பேச்சு உண்டு.

பிறகுதான் காணாமல் போன மாலைக் கதை தொடங்கியது. அந்தக் கதையிலும் எங்கள் ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறியிருக்கிறார். அலுமாரியில் இருந்த மகளின் தங்க மாலையைக் காணவில்லை. பூட்டு உடைபடவில்லை. சாவி அவளுடைய உம்மாவின் இடுப்பில். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் ஒரே ஒருவர். வேறு ஊர்க் கதைகளில் அந்நியன் மதில் ஏறிக் குதித்து வருவான். எங்கள் ஊரில் அவன் எல்லோரும் பார்க்க முன்வாசலால் வருகிறான், சோறும் போடுகிறோம்.

அந்த நேரம் பார்த்து என் அக்காவை, எங்கள் பேச்சில் ராத்தாவை, பெண் பார்க்க அட்டாளைச்சேனையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கண்ணாடி போட்டவர். வந்ததிலிருந்து போகும்வரை ‘ஓம்’ என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. ராத்தாவுக்குப் பிடித்துவிட்டது. அவர் வெளியே போனபோது நாளைக்குக் காக்கா எங்கள் கேட்டடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கதை மாப்பிள்ளைக்குக் கண்ணாடி முளைத்தது. அதற்கு அடுத்த நாள் அவர் அதிகம் கதைக்காதவராகவும் ஆனார்.

“கண்ணாடிக்காரன்தான்கா எடுத்திரிக்கான். இல்லாட்டி ஏன் வாயத் துறக்கான் இல்ல?” என்றார் செருப்பு எறிந்த மாமி.

“கதைக்காத மனுசன நம்பவே ஏலாது” என்று ஆமோதித்த என் உம்மா, உள்ளே வந்து, “கலியாணத்தக் கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்” என்றார்.

“உம்மா, அது கதையில வாற மாப்பிள்ள!”

“ஓம், எனக்குத் தெரியாதா? ஆனாலும் இவரும் கண்ணாடிதானே போட்டிரிக்காரு?”

ராத்தா அன்று சோற்றைத் தொடவில்லை.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். இதைத் தெருவில் யாரையும் நான் மறக்க விடுவதில்லை. ஆகவே காக்காவை நானே மறித்தேன்.

“காக்கா, மாலையை ஆரு எடுத்த?”

“அது தெரிஞ்சா நான் ஏன் தங்கச்சி இவ்வளவு நாளா சொல்லிட்டுத் திரியிறன்?”

அவருக்கு முடிவு தெரியாது. எந்தக் கதைக்கும் தெரிந்ததில்லை. கேட்பவர்கள் களைத்ததும் அடுத்த கொலைக்குப் போய்விடுவார். அப்படியானால் முடிவை நான் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் முன் வாங்குப் பிள்ளைகளைப் பற்றிய அந்த வசனத்தைச் சொன்னார்.

நான் விடவில்லை. புதிதாக ஒரு கள்ளனைக் கொண்டுவந்தால் தெரு ஏற்காது. எல்லோரும் சந்தேகப்படுகிறவனையே கள்ளன் என்றால் அது கதையல்ல, கோள். கள்ளன் முதல் நாளிலிருந்தே கண்முன் நிற்க வேண்டும். எடுத்ததற்கு அவன் பக்கம் ஒரு நியாயமும் வேண்டும். சாவி யாருடைய இடுப்பில் என்று காக்காவே சொல்லியிருந்தார். இன்னொரு நாள், கறிக்குப் புளி கரைக்க ஆள் தேவைப்பட்டதால், அந்த வீட்டில் ஓர் இளைய மகளையும் உருவாக்கிவிட்டு மறந்துபோயிருந்தார். வீடும் நகையும் மூத்தவளுக்குப் போய்விட்டன. இளையவளுக்கு?

“உம்மாதான் எடுத்த, காக்கா.”

காக்கா எஞ்சினை நிறுத்தினார். “அல்லாஹ்வே” என்றார். அவருக்கும் இரண்டு மகள்கள்.

மறுநாள் காக்கா அந்த முடிவை எல்லா வீட்டிலும் சொன்னார். செருப்பு மாமி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். “பாவம்கா, அவளும்தான் என்ன செய்வாள்?” கண்ணாடிக்காரரை எல்லோரும் மறந்தார்கள். என் உம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் இளையவள் நான்.

“நான் அப்படிச் செய்ய மாட்டன்” என்றார், யாரும் கேட்காமலே. அன்று மாலை அலுமாரிச் சாவியை ராத்தாவின் கையில் கொடுத்தார். கலியாணம் நடந்தது. மச்சான் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இன்னமும் ‘ஓம்’தான்.

நட்டப்பட்டவர் நாளைக்குக் காக்கா மட்டுமே. மர்மம் தீர்ந்த அடுத்த காலை, தெருப் பெண்கள் முதன்முறையாக மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“என்ன காக்கா, இது முந்தநாள் மீனெலுவா?”

அவர் செத்த வீட்டு முகத்தோடு என்னிடம் வந்து, “உன்ட முடிவு என்ட யாவாரத்த மவுத்தாக்கிட்டு தங்கச்சி” என்றார்.

அதனால் புதிய கதை ஒன்று எழுதத் தொடங்கிவிட்டேன். காலையில் ஒரு பகுதியை அவரிடம் சொல்கிறேன். அவர் கேட் கேட்டாகக் கொண்டுபோகிறார். முதல் கொலை போன வியாழக்கிழமை விழுந்தது. நேற்று ஹோர்ன் அடித்துவிட்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு மட்டும் சொல்லு தங்கச்சி. கொலைகாரன் ஆரு?”

எனக்குத் தெரியும். கை தானாக மேலே எழும்பப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டேன்.

“நாளைக்கு, காக்கா.”

அரைக் கிலோ சாளை வாங்கினேன். செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை.