அழுகிற மொட்டைமாடி

2014 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. ஜாவாவின் வடகரையில் உள்ள பெக்கலோங்கான் நகரில், மெலாத்தி சந்தைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இபு ரத்மினியின் பாத்திக் துணிக்கடைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் மழை இல்லை.

பத்து மணிக்குள் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. துணி வாங்க ஒருவரும் வரவில்லை. சொட்டும் தண்ணீரைப் பார்க்க ஊரே வந்திருந்தது. ஒருத்தி கைக்குழந்தையின் தலையைச் சொட்டுக்கு நேராகக் காட்டினாள். ஒருவர், தேர்வு எழுதப்போகும் மகனின் பேனாவை நனைத்துக்கொண்டார். கீழ்த்தளத்தில் சோயாவில் செய்த வறுத்த தெம்பே விற்கிறவர் சந்தை திறந்த நாளிலிருந்து இப்படி விற்றதில்லை என்றார். அந்த அற்புதம் மட்டும் உண்மை.

மழையில்லாமல் கூரை ஏன் அழவேண்டும்? கி லொதாயாவிடம் பதில் இருந்தது. அவரிடம் இல்லாத பதிலே கிடையாது. வடகடல் ராணி மொட்டைமாடியில் இறங்கியிருக்கிறாள். தனக்குப் பிடிக்காத கடையின்மேல் உட்கார்ந்து அழுகிறாள்.

அந்த ஊரில் பெண்ணுக்கு இபு, ஆணுக்கு பாக் என்றால், மந்திரம் தெரிந்தவருக்குக் கி; இந்தக் கி லொதாயாவின் தொழில் மழையைத் தடுப்பது. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, கூலி வாங்கிக்கொண்டு மழையைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவைப்பார். பக்கத்து ஊர்க்காரனும் அதே நாளில் அவரைக் கூப்பிட்டால் மழை எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை. அவரைச் சந்தைக்குக் கூட்டிவந்தவர் வணிகர் சங்கத் தலைவர் பாக் குனார்டி. கட்டடம் பழையது, அடைமழையில் அங்கங்கே ஒழுகும். பொறியாளர் வந்து பார்த்து, தளத்தைச் சுரண்டி நீர்புகாப் பூச்சு அடிக்கவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். கி லொதாயா அதில் கால்வாசி சொன்னார். சங்கம் ஒருமனதாக அறிவியலை நிராகரித்தது.

பிப்ரவரியில் கி மொட்டைமாடிக்கு ஏறினார். ஈர்க்குச்சிகளில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தித் தலைகீழாக நட்டார். நான்கு மூலைகளில் ஒன்றில், வாழையிலைத் தட்டுகளில் ஏழுவகைப் பூவும் மஞ்சள் சோறும் படைத்தார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். ஒரே நிபந்தனை.

"யாரும் மேல போகக்கூடாது. படையலைத் தொட்டவன் ரத்தம் கக்குவான்."

அந்த மூலைக்கு நேர் கீழே பாக் முக்லாஸின் கைலிக் கடை. ஒரு வாரத்தில் அங்கே ஒழுகியது. முக்லாஸ் நடுங்கிப்போய்ச் சாந்திப் பூசைக்குப் பணம் கட்டினார். கி படையலை இபு ரத்மினியின் மூலைக்கு மாற்றினார். முக்லாஸ் கடையில் சொட்டு நின்றது. மார்ச் 7 அன்று ரத்மினி கடையில் தொடங்கியது. எந்த மூலையில் படையலோ அந்த மூலைக்கே ராணி வருகிறாளே என்று சனம் மெய்சிலிர்த்தது.

ரத்மினி பணம் கட்ட மறுத்துவிட்டார். கணவர் இல்லை. இரண்டு மகள்களின் படிப்பும் அந்தக் கடையில்தான் ஓடுகிறது. படிக்கட்டை ஒட்டிய கடை. ஏறுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் மற்றவற்றுக்குப் போகவேண்டும். கியின் தீர்ப்பு உடனே வந்தது: ஆவிகளுக்கு உகந்த அடுத்த க்லிவோன் வெள்ளிக்குள், அதாவது ஏப்ரல் 11க்குள், கடையைக் காலிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கட்டடமே இடியும். மறுநாள் பாக் குனார்டியின் மைத்துனர் அளவுநாடாவோடு வந்து கடையின் அகலத்தை அளந்துகொண்டு போனார். இடியப்போகும் கட்டடத்தில் அவருக்கு இவ்வளவு நம்பிக்கை.

"கட்டித் தொலைங்க இபு. எனக்கு நின்னுபோச்சுல்ல" என்றார் முக்லாஸ்.

"உங்களுக்கு நின்னது எனக்கு ஆரம்பிச்சுது. ராணி என்ன, மாசத்துக்கு ஒரு வாடகை வீடு பாக்குறாளா?"

"மெதுவா பேசுங்க. அவ காதுல விழப்போவுது."

"தலைக்கு மேலதானே உக்காந்திருக்கா. விழட்டும். அது கெடக்கு பாக், படையல் போகாத ரெண்டு மூலையில ஒரு சொட்டு விழல. ஏன்?"

"அங்க அவளுக்குக் கோவம் இல்ல."

"சரி, அதையே பாத்துடுவோம்."

படையல் போகாத மூலைகளில் ஒன்றின் கீழேதான் கி லொதாயாவின் கடை. சங்கம் வாடகையில்லாமல் கொடுத்த இடம். சொட்டுத் தண்ணீரைப் பாட்டிலிலும், சிவப்பு வெள்ளை முறுக்கிய காப்புக்கயிற்றைக் கட்டுக்கட்டாகவும் விற்றுக்கொண்டிருந்தார். கயிறு கட்டாத மணிக்கட்டு அந்த மாடியில் அபூர்வம். ரத்மினி ஒரு கூடை பூவோடு அங்கே போய் நின்றார்.

"கி, எனக்குப் புத்தி வந்துடுச்சு. நானும் ராணிக்கு ஒரு படையல் வைக்கிறேன்."

கியின் முகம் மலர்ந்தது. "நல்லது இபு. உங்க கடைக்கு மேலதானே?"

"ஐயோ, அது சபிச்ச இடமாச்சே. உங்க தலைக்கு மேல வைக்கிறேன். அதைவிடப் புனிதமான இடம் இந்தச் சந்தையில எங்க இருக்கு?"

கூட்டம் ஆமோதித்தது. கியின் சிரிப்பு பாதியில் நின்றது. பக்தியை வேண்டாம் என்று சொல்ல அவர் தொழிலில் இடமில்லை.

ரத்மினி கியிடமிருந்து சாவியை வாங்கித் தலைவர் கையில் கொடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போய், அந்த மூலையில் அகலமான வாழையிலைகளை விரித்துப் பூவைக் கொட்டிவிட்டு வந்தார்.

"இதையும் யாரும் தொடக்கூடாதுல்ல கி?"

"கூடாது."

"நீங்க தொட்டாலும் ரத்தம் கக்குவீங்களா?"

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா" என்றார் கி.

"அப்ப சாவி தலைவர்கிட்டயே இருக்கட்டும். உங்களுக்கு எதுக்கு ஆபத்து?"

இரண்டு மழை பெய்தது. மார்ச் 25 காலையில் வானம் பளிச்சென்று இருந்தபோது, கி லொதாயாவின் கடையில் தண்ணீர் சொட்டியது. காப்புக்கயிறுகளின் சாயம் கரைந்து மேசையெல்லாம் இளஞ்சிவப்பு. கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது.

"ராணி என்னை ஆசீர்வதிக்கிறா" என்றார் கி.

"என் கடையில விழுந்தா சாபம், உங்க கடையில விழுந்தா வரமா?"

முதலில் சிரித்தவர் முக்லாஸ். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சனம் லேசில் திருந்துமா? ஒருத்தி ரத்மினியின் கையைப் பிடித்தாள்.

"இபு, நீங்க கூப்பிட்டதும் வந்துட்டாளே. என் புருஷனுக்கு முதுகுவலி, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அந்த நிமிடமே ரத்மினி ஒரு கடை போட்டிருக்கலாம். வாடிக்கையாளர்கள் தயாராக நின்றார்கள்.

"வார்த்தை எதுக்கு? வாங்க, ராணியையே காட்டுறேன்" என்று அவர் படியேறினார். பாக் குனார்டி வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார்.

மொட்டைமாடியின் இரண்டு மூலைகள் காய்ந்து கிடந்தன. இரண்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள் குடும்பத்தோடு நீந்தின. ரத்மினி பாவாடையைத் தூக்கிச் செருகி, தன் படையலின் அழுகிய இலைகளை வழித்து எறிந்தார். அடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய். தேங்கியது சுழன்று உள்ளே போனது.

"இவ நான் கூப்பிட்ட ராணி. போயிட்டா. இப்ப கி கூப்பிட்டவளைப் பாப்போம்."

"தொடாதீங்க இபு" என்றார் கி. குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது.

தன் கடைக்கு மேலிருந்த தட்டை ரத்மினி தூக்கினார். தண்ணீர் அசையவில்லை. முழங்கை வரை குழாய்க்குள் விட்டு இழுத்தார். இறுக்கிச் சுருட்டிய பழைய துண்டு வந்தது; சுற்றிலும் சிவப்பு வெள்ளைக் கயிறு. குழாய் ஏப்பம் விட்டுத் தண்ணீரைக் குடித்தது.

எல்லோரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

"பாக் குனார்டி, ராணிக்குத் துண்டெல்லாம் எதுக்கு?" என்றார் ரத்மினி. தலைவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் வானத்தைப் பார்த்தார்.

"நான் ரெண்டு படையலைத் தொட்டுட்டேன். ரத்தம் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்கத் திரும்பினார்கள். கி அங்கே இல்லை.

"அந்தாளை விடுங்க" என்றார் ரத்மினி. "தலைக்கு மேல தண்ணி நிக்குது. மேல ஏறி என்னன்னு பாக்காம, கீழ நின்னு காசு குடுத்து பாட்டில்ல வாங்குனது நாமதானே? மூணு மாடி ஏறுன காலுக்கு இன்னொரு மாடி ஏறத் தெரியலையா, இல்ல கழுத்துக்கு மேல இருக்கறதுக்கு வேலை குடுக்கத் தெரியலையா?"

முக்லாஸ் துடைப்பம் எடுக்கக் கீழே போனார்.

கி கெடு வைத்த ஏப்ரல் 11 அன்று மழை பெய்தது. மூன்றாம் மாடியில் விரிசல் இருந்த இரண்டு இடங்களில் சொட்டியது, வாளி வைத்தார்கள். பொறியாளர் சொன்ன பூச்சுவேலை மே மாதம் முடிந்தது. இபு ரத்மினியின் கடை படிக்கட்டை ஒட்டி அதே இடத்தில் இருக்கிறது.