வார்னிஷ் வேண்டாத விமானங்கள்

அந்தச் சத்தம் முதலில் ரப்பர் இலைகளில்தான் தெரியும். காற்றே இல்லாத காலையில் இலைகள் மட்டும் நடுங்கும். பிறகுதான் வானத்தில் உறுமல். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின்போது, காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சரணடையச் சொல்லித் துண்டுக் காகிதம் கொட்ட வரும் ஒற்றை விமானம் அது. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற ஜனமெல்லாம் ஓடிப்போய்க் கால்வாயில் குப்புற விழும். கஸ்பார் மட்டும் அண்ணாந்து நிற்பான். அவன் அம்மா கால்வாய்க்குள்ளிருந்து கையை நீட்டி அவன் காலைப் பிடித்து இழுப்பாள்.

முப்பது வருஷம் கழித்தும் கஸ்பார் கீழே இறங்கவில்லை. காலை இழுக்கும் வேலை மட்டும் அம்மாவிடமிருந்து மனைவி ரோசம்மாவுக்குக் கைமாறியிருந்தது.

ஈப்போ சிலிபினில் வீடு. பிழைப்பு, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பது. பிறவி, ஓவியன் என்று அவர் நம்பினார். நாற்பத்து மூன்று படங்கள், எல்லாம் ஒட்டுப்பலகையில் எண்ணெய்ச் சாயம். கூடத்தில் கப்பல்கள். கட்டிலுக்கடியில் மலைகள். முன்னறை முழுக்க விமானங்கள். கடலை அவர் லுமுட்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், அன்றைக்கும் மழை. விமானத்தில் ஏறியதில்லை. தினமும் பார்ப்பது சுண்ணாம்பு மலைகளைத்தான். அதனாலோ என்னவோ அவை அவித்த கிழங்கு மாதிரியே வந்தன.

1982 ஜனவரியில் ஒருநாள் முன்னறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. ‘கஸ்பாரின் அண்மைப் படைப்புகள்: கடல், வானம், நிலம்.’

“என்னங்க இது?”

“கண்காட்சி. ஓவியன்னா வைக்கணும்லா.”

“ஐவி தலைப்பிரசவத்துக்கு ஜூன்ல வாரா. எம் மகள எங்க படுக்க வைக்கிறது? கடல்லயா, வானத்துலயா?”

“நிலத்துல வைக்கலாம்.”

ரோசம்மா சிரிக்கவில்லை. “மே மாசத்துக்குள்ள எல்லாம் வெளிய போகணும். கோழிக்கூடு ஒழுகுது. நல்ல பலகை, வீணாக்க வேணாம்.”

கண்காட்சிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தபால்காரர். இன்னொருவர் வேறு வீடு என்று நினைத்து மாறி வந்தவர்.

பதினொரு வருஷமாகக் கஸ்பார் ஒன்றே ஒன்றுக்குத்தான் காத்திருந்தார். முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஒரு படத்தின் முன்னால் நின்று, “இது எனக்கு வேண்டும்” என்று சொல்ல வேண்டும். அதற்குள் பலகைகள் கோழிக்கூட்டில் ஏறிவிட்டால், அவர் ஓவியர் இல்லை. வெறும் மீட்டர்காரர். அந்த எண்ணம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். ரோசம்மாவின் அண்ணன் ஆம்புரோஸைத் தேநீர்க் கடையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, ஆம்புரோஸ் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, கோலாலம்பூர்ல ஒரு பெரிய ஆபீசரு. மச்சான் படத்தப் பத்திக் கேள்விப்பட்டு ஆடிப்போயிட்டாரு. அவரு வந்து பாக்குற வரைக்கும் ஒரு பலகையக்கூட அசைக்கக் கூடாதாம்.”

“அப்படியாண்ணே? எந்தப் படத்தக் கேட்டாரு?”

பாடம் அவ்வளவு தூரம் நடந்திருக்கவில்லை. ஆம்புரோஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “அதோ… அந்த யானை குளிக்கிற படம்.”

“அது கப்பல்!” கஸ்பார் துள்ளி எழுந்துவிட்டார்.

“தும்பிக்கை தூக்கிட்டு நிக்குதே, மச்சான்?”

“புகைபோக்கிடா! தே வாங்கிக் குடுத்துச் சொல்லித் தரும்போதே நெனச்சேன், நீ கெடுப்பேன்னு!”

தான் சொன்னது, சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. ரோசம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் சாப்பிட வாங்க,” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு பத்து நாள் கஸ்பார் தூரிகையைத் தொடவில்லை. வேலை முடிந்து வந்தால் கப்பல்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்புவார். பதினோராம் நாள் ரோசம்மா சந்தையிலிருந்து வந்து, கூடையை இறக்கியபடி சொன்னாள்:

“சந்தைப் பக்கம் கடை வச்சிருக்காரே ஒரு சீனத் தவுக்கே, அவரு நம்ம ஜன்னல் வழியா உங்க ஏரோப்ளேனப் பாத்தாராம். வேணுமாம்.”

“உங்கண்ணன் செட்டப்பா?”

“எங்கண்ணனுக்கு ஏரோப்ளேன் அடையாளம் தெரியுமா?”

அது நியாயமாகத்தான் பட்டது. “எந்தப் படம் கேக்குறாரு?”

“புதுசாப் போட்டுத் தரணுமாம். மெல்லிசுக் காகிதத்துல. வார்னிஷ் வேணாம். சட்டம் வேணாம், கண்ணாடி வேணாம். கப்பல் வேணாம். மலை வேணவே வேணாம்.”

கஸ்பாரின் கண் கலங்கியது. “ரசிகன்லா! வார்னிஷ் வானத்த மூடிரும்னு தெரிஞ்ச மனுசன்!”

மெல்லிய காகிதத்தில் விமானம் பறந்தது. கஸ்பார் வால் பகுதியில் சின்னதாகக் ‘க’ என்று போடுவார். வரைந்ததை ரோசம்மா எடுத்துப் போவாள், அடுத்த வாரமே இன்னொன்று கேட்டு வரும். தவுக்கே கூச்ச சுபாவம், நேரில் பார்க்க விரும்ப மாட்டார் என்றாள் அவள். பெரிய ரசிகர்கள் அப்படித்தான் என்றார் கஸ்பார். மீட்டர் படிக்கும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குனிந்தார்.

மே மாதக் கடைசியில் அவரே அறிவித்தார்: “ரோசு, பலகைக் காலம் முடிஞ்சிருச்சு. இனிமே நமக்குக் காகிதந்தான்.”

நாற்பத்து மூன்று பலகைகளையும் தன் கையாலேயே சுமந்துபோய்க் கோழிக்கூட்டில் அடித்தார். மலைகள் கூரையாயின. கப்பல்கள் சுவராயின. ரோசம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்டில், சீனர்களின் ஏழாம் மாதத்தில், சிம்பாங் பூலாயில் மீட்டர் படிக்கப் போனார். ஒரு வீட்டு வாசலில் குடும்பமே கூடி, செத்துப்போன பெரியவருக்காகக் காகிதச் சாமான்களை எரித்துக்கொண்டிருந்தது. எரித்தால் அவருக்கு மறு உலகத்தில் போய்ச் சேரும். காகித வீடு. காகிதக் கார். அவற்றின் மேல் ஒரு விமானம். தீ மூக்கிலிருந்து தின்றுகொண்டே வந்தது. கடைசியாக வால். வாலில் ‘க’.

“எங்கப்பா ஒரு தடவைகூட ஏறினதில்ல,” என்றான் மகன், மலாயில். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பாகூஸ், கான்?” நன்றாக இருக்கிறதல்லவா?

“பாகூஸ்,” என்றார் கஸ்பார். மீட்டரைத் தப்பாகக் குறித்துக்கொண்டு திரும்பினார். மெல்லிய காகிதம், வார்னிஷ் வேண்டாம். ஈப்போவில் எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும், அது செத்தவர்களுக்கு எரிக்கும் சாமான் விற்கிற கடை என்று சொல்லியிருக்கும்.

“ரோசம்மா!”

“கத்தாதீங்க. பேரப்பிள்ள தூங்குது.”

கத்த முடியாத புருஷன் பாதிச் சண்டையை வாசலிலேயே தோற்றுவிடுகிறான். “எரிக்கிறாங்கடி!” என்று கிசுகிசுத்தார்.

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“சுவத்துல மாட்டுனா ரெண்டே நாள்ல மறந்துருவாங்க. இவங்க கும்பிட்டு, அழுது அனுப்புறாங்க. ஊர்ல வேற யாரு போட்ட ஏரோப்ளேனுங்க மேல போயிருக்கு?”

“சாமியாருக்குத் தெரிஞ்சா?”

“பாவசங்கீர்த்தனத்துல உங்களுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன். கிறிஸ்மஸ் குடிலுக்கு வானம் போட்டுத் தருவீங்களான்னு கேட்டாரு.”

கஸ்பார் முன்னறையைப் பார்த்தார். விமானங்கள் இருந்த இடத்தில் ஐவியும் பிள்ளையும் தூங்கினார்கள். வெளியே கோழிகள் கடலுக்கும் மலைக்கும் நடுவில் நனையாமல் இருந்தன.

“ஜன்னல் வழியாப் பாத்து வேணும்னு கேட்டாருன்னு சொன்னியே,” என்றார் மெதுவாக. “அதாச்சும் நெசமா?”

ரோசம்மா கொசுவலையை இழுத்துச் சரிசெய்தாள். நேரமெடுத்துச் சரிசெய்தாள்.

“இந்த வாரம் நாலு வேணுமாம்,” என்றாள். “சக்கரத்தக் கொஞ்சம் பெருசாப் போடணுமாம். வயசானவங்க, எறங்க வசதியா.”

கஸ்பார் உட்கார்ந்து நீலம் குழைத்தார்.

1988 மார்ச்சில் அவர் ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசி வரை விமானம் ஏறவில்லை.