துருவே பிடிக்காத வண்டி

புது பைக் வாங்கியவனிடம் கொஞ்ச நாளைக்கு யாரும் வாய் கொடுக்கக் கூடாது. "வண்டி எப்படி ஓடுது?" என்று மரியாதைக்குக் கேட்டால் போதும். டேங்க் தகடு என்ன கனம், சைலன்சரில் எத்தனை பூச்சு குரோம் என்று ஆரம்பித்து, உங்கள் டீ ஆறி ஆடை கட்டும்வரை விடமாட்டான். நாமக்கல் வட்டாரம் முழுக்க அந்த அறுவையைப் போட்டுக்கொண்டிருந்தவன் நான்தான்.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். (சொன்னால் இன்னும் நாலு பேர் போய் வாங்குவார்கள். திட்டினாலும் அது விளம்பரம்தான்.) பழைய காலத்துத் தோற்றத்தில், பார்த்த இடமெல்லாம் பளபளக்கும் வண்டி. ஷோரூமில் டை கட்டிய ஒருவன் மட்கார்டைத் தட்டிக் காட்டி, "இதுக்குத் துருங்கறதே கெடையாதுங்க சார். உங்க பேரன் ஓட்டுவானுங்க" என்றான். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. இல்லாத பேரனுக்காக அங்கேயே கையெழுத்துப் போட்ட மேதை நான்.

எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. உயரமான ஷெட்டில் மேலே கூண்டு வரிசை, கீழே எரு விழுந்து குவியும் இடம். தீவன மூட்டை ஏற்ற அப்பா ஒரு மொபெட் வைத்திருந்தார். யாரோ லாரிக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்ட்டை அவரே பிரஷ்ஷால் அதற்கு அப்பியிருந்தார். வெயிலோ மழையோ, அது நிற்பது வேப்பமரத்தடியில். அதன் பக்கத்தில் என் வண்டியை நிறுத்துவதே கேவலம் என்று நினைத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், ஒரு சொட்டுகூடப் படக் கூடாதென்று என் செல்லத்தை ஷெட்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். லாரித் தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தி, காற்றுப் புகாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன்டா கண்ணு, அந்தக் காத்துல நம்ம கூண்டுக் கம்பியே அரிச்சு உழுகுது. இதையக் கொண்டுபோயி அங்க கட்டி வெக்கறயே?"

"அது சாதாக் கம்பிங்கப்பா. இது குரோம்."

அவர் மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எருவிலிருந்து எழும்பிக் கண்ணைக் கரிக்கிற அந்தக் காற்றில் இருப்பது அமோனியா. ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரித்துவிடும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். படிப்பு வேறு, வண்டி வேறு என்று இருந்துவிட்டேன் போல.

அந்த மழைக்காலத்தில்தான் பள்ளிபாளையத்தில் எனக்குப் பெண் நிச்சயமானது. பெயர் நித்யா. அவளுடைய அப்பா லாரி வைத்திருப்பவர். எந்தத் தகட்டையும் விரலால் சுண்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். நிச்சயமான பெண்ணிடம் போனில் மற்றவர்கள் என்னவெல்லாமோ பேசுவார்கள். நான் சைலன்சரைப் பற்றிப் பேசினேன். கேட்டுக் கேட்டு அலுத்து ஒருநாள் அவளே சொன்னாள்: "செரி, அந்த வண்டியிலயே வாங்க. ஈரோட்டுக்குப் போயி ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு வந்தரலாம்."

கல்யாணத்துக்கு முன்னால் என்ன சவாரி என்று அவள் அப்பா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி ரொம்பப் பத்திரமானதுங்கப்பா, துருவே புடிக்காதாமா" என்று என் பேச்சை நம்பி வாதாடி, அவள் அனுமதி வாங்கினாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் தார்ப்பாயை அவிழ்த்தேன். உள்ளே நின்றது என் வண்டி என்று நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குரோம் கொப்புளம் கொப்புளமாக உப்பி உரிந்திருந்தது. சைலன்சர் முழுக்கச் செம்மண் நிறம். ஒரு ஸ்குரூவுக்குக்கூடத் தலை இல்லை. ஷோரூமுக்குப் போன் போட்டேன். "கோழிப்பண்ணையில நிறுத்துனா வாரன்டி கெடையாதுங்க சார்" என்றான், அதே டை கட்டியவன். இத்தனை பளபளப்பையும் கோழி கழிந்தே கரைத்துவிடும் என்று அன்றைக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"மொபெட்ட எடுத்துட்டுப் போயிட்டு வாடா" என்றார் அப்பா. அதற்குச் செத்துப்போகலாம் என்று தோன்றியது. பண்ணைக் கேட்டுக்கு அடித்து மீந்திருந்த சில்வர் பெயின்ட்டை எடுத்து, ஸ்போக்ஸ் முதல் சைலன்சர் வரை பூசித் தள்ளினேன். தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பிரமாதமாக இருந்தது.

மறுநாள் திருச்செங்கோடு தாண்டியதும், சைலன்சர் சூட்டில் பெயின்ட் தீய ஆரம்பித்தது. பள்ளிபாளையத்துக்குள் புகை சூழ நுழைந்தேன்.

"வாங்க மாப்ள" என்றார் மாமனார். "கொசு மருந்து அடிக்கறவங்களாட்ட இருக்குதுன்னு பாத்தேன்."

"புது எஞ்சினு அப்படித்தானுங்க மாமா."

அவர் மூக்கைச் சுளித்தார். "கோழி நாத்தமுமில்ல அடிக்குது?"

எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. பண்ணையில் பிறந்தவனுக்கு அது வெறும் காற்று. சீட்டுக்குள் இருந்த பஞ்சு அந்த மழைக்காலம் முழுவதையும் குடித்து வைத்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாமனாரின் விரல் மடங்கி மட்கார்டை நோக்கி வந்தது. சுண்டப்போகிறார்! "வாங்க நித்யா, நேரமாச்சு, கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்று அவசரமாகக் கிளப்பினேன். அவள் சீட்டுக்குப் பின்னாலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஏற்றினாள். வண்டி அமுங்கியது. உட்கார்ந்துவிட்டாள் என்று முறுக்கினேன் ஆக்சிலேட்டரை.

வழியெல்லாம் பேசினேன். "குலுங்குதுங்களா? குலுங்காது. ஒரு ஆளு பின்னால இருக்கறதே தெரியாதுங்க." பதில் இல்லை. வெட்கம் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. காவிரிப் பாலத்தில் ஓரமாக நிறுத்தித் திரும்பினேன். பின்சீட்டில் ஆள் இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் பழுப்பாக இரண்டு ஓட்டை.

திரும்பிப் போனபோது, தெருவில் இருந்த தறிக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள் நித்யா. அடிபடவில்லை. ரோஸ் நிறச் சேலையில் சில்வர் கோடுகள். கையில் கைப்பிடி.

"கெட்டியாத்தானுங்க புடிச்சிருக்கறேன்" என்றாள்.

மாமனார் இப்போது நிதானமாகச் சுண்டினார். மட்கார்டில் ஒரு துண்டு, நல்ல இட்லி அளவுக்கு, கழன்று விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "வண்டியவே இப்படி வெச்சிருக்கறவர நம்பி என்ற புள்ளைய எப்படீங்க குடுக்கறது?"

இந்தப் பெண் கிடைக்காமல் போய்விடுவாள் என்ற பயத்தில் ஷெட், தார்ப்பாய், சில்வர் பெயின்ட் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லி முடித்தபோது அழுகையே வந்துவிட்டது. தறிக்காரர்கள் முன்னால் அழுவது அதுவே முதல் முறை.

நித்யாதான் பேசினாள். "அப்பா, நேத்து அடிச்ச பெயின்ட்டு இன்னிக்கே ஊத்திக்கிச்சு. இவரு பொய் சொன்னா ஒரு நாளுக்கு மேல தாங்காதுங்க. இப்படி ஒரு ஆளுன்னா நான் நிம்மதியா இருந்துக்குவேன்."

மாமனாரின் மீசை அசைந்தது. அப்புறம் தெருவே சிரித்தது. அன்று வண்டியும் நானும் அவருடைய லாரியில்தான் ஊர் திரும்பினோம், நான் முன்னால், அது மூட்டைகளோடு பின்னால்.

அது பழைய இரும்புக்குப் போய்விட்டது. பச்சை மொபெட் இன்னும் தீவன மூட்டை சுமக்கிறது. கைப்பிடியை மட்டும் நித்யா யாருக்கும் தரவில்லை. பீரோவில் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

போன மாதம் வெந்நீர் ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். "இது ஆயுசுக்கும் துருவே..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம். நித்யா எழுந்து போய் அந்தக் கைப்பிடியை எடுத்து வந்து, என் கையில் திணித்தாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க. இப்பச் சொல்லுங்க."

என் மகள் அதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.