சாவிக்கு உகெத்தைக் கேட்கவும்

சாவியைக் காணோம். மாவு டப்பா, முயல் கூண்டு, காலஞ்சென்ற கணவரின் மழைக்கோட்டுப் பை, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. முழங்கை நீள இரும்பு, கண்ணுக்குத் தப்புகிற சாமானா அது என்று உகெத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எதிரே, வெர்னியாக் ஊரின் ஒரே பெருமையான ஆயிரம் வருஷத்துத் தேவாலயம். 'சாவிக்கு எதிர்வீட்டு உகெத்தைக் கேட்கவும்' என்று அதன் கதவில் பலகை தொங்கியது. அந்தப் பலகைதான் அவளுடைய மானம், மரியாதை எல்லாம். யாராவது பார்க்க வந்தால் முத்து மாலையை எடுத்துப் போட்டுக்கொள்வாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கூட்டத்தை விலக்கி, சாவியை மூன்று சுற்றுச் சுற்றுவாள். தொலைந்தது தெரிந்தால் புதுச் சாவி பின்தெரு ஜினெத் கைக்குப் போய்விடும். தேர்தலுக்குத் தேர்தல் ஜெயிக்கிற மேயரிடம் ஜினெத் கேட்கிற ஒரே வரம் அது.

அன்றைக்கென்று பார்த்து ஒரு பெல்ஜியத் தம்பதி வந்து நின்றார்கள்.

"உள்ள வௌவால் குட்டி போட்டிருக்கு. திறக்கக் கூடாது" என்றாள், வாயில் வந்ததை.

அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. வௌவால் என்றால் அவருக்கு உயிராம். நேரே மேயரிடம் போய் ஊரை வாழ்த்திவிட்டுப் போனார். புது மேயர் பட்டணத்துக்காரர், வௌவாலைக் காக்கிற சட்டமெல்லாம் தெரிந்தவர். மறுநாளே வௌவால் நிபுணர் ஒருவருடன் வந்துவிட்டார்.

"கதவைத் திறங்க மேடம்."

சாவி பாதிரியாரிடம் இருப்பதாகச் சொல்லிவைத்தாள். இருபது ஊரைக் கட்டி மேய்க்கிற மனிதர், லேசில் அகப்பட மாட்டார் என்று கணக்கு. மேயர் போன் போட்டதும் எடுத்துவிட்டார். தன்னிடம் இல்லை, யாரோ திருடியிருப்பார்கள், உள்ளே வெள்ளிக் கிண்ணம் இருக்கிறதே என்று பதறினார். திருட்டு என்றதும் மேயர் பட்டணத்திலிருந்து தச்சனைக் கூப்பிட்டார்.

பழைய ஓக் கதவில் ரம்பம் வைத்தபோது உகெத்துக்குப் பொறுக்கவில்லை. கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள்.

"அறுக்காதீங்க. நான்தான் தொலைச்சேன். வௌவாலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்போது முதுகுக்குப் பின்னால் கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டது. மல்லாக்க விழப்போனவளைத் தாங்கிப் பிடித்தது ஜினெத். இன்னொரு கையில், பாதி உரித்த பட்டாணிக் கிண்ணம்.

"என்னடி சத்தம்? வெயிலுக்கு ஒதுங்க ஊர்ல குளிர்ச்சியா இருக்கிறது இந்த ஒரு இடம்தான்."

"நீங்க எப்படி உள்ள?" என்றார் மேயர்.

"தள்ளினேன். பூட்டு கெட்டுப் பல வருஷம் ஆச்சு. ஊருக்கே தெரியும். சொன்னா இவ மனசு ஒடிஞ்சிடுமேன்னு விட்டுட்டோம்."

"அப்போ போன மாசம்கூட எதுக்கு எங்கிட்ட சாவி கேட்டீங்க?" என்றார் மேயர்.

ஜினெத், உகெத்தின் கழுத்து மாலையையே பார்த்தாள்.

"உள்ள போறதுக்கா கேட்டேன்? நானும் ஒரு தடவை 'தள்ளி நில்லுங்க'ன்னு சொல்லிப் பார்க்கத்தான்."